மூக்கர் கண்டுபிடித்த போலி

அவர் மரக்கடை வைத்திருப்பவர். கடையில் வேலை பார்க்கிறவர்கள் முகத்துக்கு நேரே 'முதலாளி' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் 'மூக்கர்'. மூக்கு அப்படியொன்றும் பெரியதில்லை. ஆனால் லாரியிலிருந்து இறங்கும் கட்டை ஒவ்வொன்றையும் குனிந்து முகர்ந்து, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் யோசித்து, "தேக்கு. நாற்பது வயசு. தண்ணி குறைஞ்ச இடத்துல வளர்ந்தது" என்று தீர்ப்புச் சொல்வார். அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. சரியா தப்பா என்று யாரும் சோதித்துப் பார்த்ததும் கிடையாது. சம்பளம் வாங்குகிறவன் எவனாவது முதலாளியின் மூக்கைச் சோதிப்பானா?

அப்படிப்பட்டவரைப் பாலைவனத்துக்கு நடுவே இருக்கும் கல்மரப் பூங்காவுக்குக் கிளப்பியது அவர் மனைவி. கடைச் சுவரில் தொங்கிய காலண்டரில் அந்த மாதத்துக்கு ஒரு படம் வந்திருந்தது. சிவப்பும் மஞ்சளும் ஊதாவுமாக அடிமரங்கள் மணலில் உருண்டு கிடந்தன. கீழே 'கல்லாய் மாறிய காடு' என்று எழுதியிருந்தது. அந்த அம்மாள் மாதம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இருபத்திரண்டு வருஷமாகப் புருஷனின் சட்டையிலிருந்தும் சமையலறை டப்பாக்களிலிருந்தும் மரத்தூள் தட்டிக்கொண்டிருப்பவள்.

"தூள் பறக்காத மரத்தை ஒரு தடவையாவது கண்ணால பார்க்கணுங்க" என்றாள். மறுக்க முடியவில்லை.

துணைக்கு அவள் தங்கையும், தங்கையின் கணவரும் ஒட்டிக்கொண்டார்கள். இந்தச் சகலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். செல்போன் உறை விற்கும் சின்னக் கடை வைத்திருந்தார். ஆனால் யாராவது என்ன வேலை என்று கேட்டால் கடையைச் சொல்லமாட்டார், 'ஊடகம்' என்பார். 'உள்ளதை உடைப்போம்' என்ற பெயரில் வீடியோ போடுவது அவர் ஊடகம். பாலில் தண்ணீர், தண்ணீரில் பால் என்று வாரத்துக்கு ஒன்றை உடைப்பார். நானூற்றுப் பதினோரு பேர் பார்த்தார்கள். அதில் முந்நூறு பேர் சொந்தக்காரர்கள். பார்க்காவிட்டால் போன் போட்டுக் கேட்பார் என்ற பயத்தில் பார்த்தார்கள்.

விடியற்காலை கிளம்பி, ஐந்து மணி நேரம் கார் ஓட்டி, பூங்காவின் வாசலில் இறங்கினார்கள். மைத்துனி முதல் வேலையாக டிக்கியைத் திறந்து வலை ஊஞ்சலை எடுத்தாள். ரெண்டு மரத்துக்கு நடுவில் கட்டிப் படுத்துக்கொள்ளலாம் என்று கொண்டுவந்திருந்தாள். எடுத்தவள் நிமிர்ந்து நாலு பக்கமும் பார்த்தாள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை மணல், சாம்பல் நிற மேடு, வெயில். நிழல் என்று இருந்தது அவர்கள் காரின் நிழல் மட்டும்தான்.

"அக்கா, காடு எங்க?"

"இதான் காடு."

"அப்ப மரமெல்லாம்?"

"எல்லாம் படுத்திருக்கு. காலண்டர்ல பார்க்கலையா நீ?"

ஊஞ்சல் திரும்பவும் டிக்கிக்குள் போனது.

நுழைவாயிலில் அகன்ற தொப்பி போட்ட ஒரு பெண் அதிகாரி, வந்தவர்களை இருபது இருபது பேராக நிறுத்தி விதிமுறை சொன்னாள். வயது நாற்பத்தைந்து இருக்கும். வெயிலில் வெந்து, குரலும் வெந்து போயிருந்தது.

"நடைபாதையை விட்டு இறங்கக் கூடாது. மரத்து மேல ஏறக் கூடாது. ரொம்ப முக்கியம், ஒரு சின்னச் சில்லுகூட எடுக்கக் கூடாது. எடுத்தது எல்லாம் எடுத்ததுதான், இது மறுபடி முளைக்காது. வெளியே போகும்போது பையைத் திறந்து பார்ப்போம்."

கூட்டம் முழுவதும் தலையாட்டியது. 'சேச்சே, எங்களைப் பார்த்தா அப்படியா தெரியுது' என்கிற மாதிரி ஒரு புன்னகையும் எல்லார் முகத்திலும் இருந்தது.

வாசலைத் தாண்டியதும் வழியை ஒட்டி ஒரு பெரிய அடிமரம் கிடந்தது. அதன்மேல் சாய்ந்து படம் எடுத்துக்கொள்ள வரிசை நின்றது. மூக்கரின் முறை வந்தது. மனைவி பக்கத்தில் நின்று புடவையைச் சரிசெய்துகொண்டாள். சகலை போனைத் தூக்கினார். மூக்கரோ காமிராவைப் பார்க்காமல் குனிந்தார். பழக்க தோஷம். முகர்ந்தார்.

நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"இது சிமெண்ட்."

"சிரிங்க, படம் எடுக்கிறாரு" என்றாள் மனைவி.

"அடி, இது சிமெண்ட்டுங்கிறேன்."

கார்ச் சாவியை எடுத்து மரத்தின் அடிப்பக்கம் லேசாகக் கீறினார். சாம்பல் நிறப் பொடி உதிர்ந்தது. இன்னும் கொஞ்சம் கீறினார். துருப்பிடித்த கம்பி ஒன்று பல்லைக் காட்டியது. பின்னால் வரிசையில் நின்ற தொப்பைக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, "அட, கம்பி!" என்றார். சகலையின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. பாலையும் தண்ணீரையும் உடைத்துக்கொண்டிருந்தவர் கையில் ஒரு காடே சிக்கியிருக்கிறது.

"அண்ணே, அதை மறுபடி ஒரு தடவை கீறுங்க. இந்தப் பக்கம் திரும்பிக் கீறுங்க."

மூக்கர் மறுபடி கீறினார்.

அதோடு விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். ஏனென்றால் அதுவரை அவர் சொன்னது சத்தியமான உண்மை. ஆனால் ஒரு தடவை ஜெயித்த ஆள் எங்கே ஓரிடத்தில் நின்றிருக்கிறார்? நடைபாதை வழியே உள்ளே போகப் போக, மூக்கரின் நடையே வேறாகிவிட்டது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தைச் சோதனை போட வந்த மேலதிகாரி மாதிரி ஒவ்வொரு மரத்தின் முன்னாலும் நின்றார். உதட்டைப் பிதுக்கினார்.

உள்ளே கிடந்தவை உண்மையிலேயே அழகாக இருந்தன. அரக்குச் சிவப்பு, மஞ்சள், நடுவில் பால் வெள்ளை. பட்டையின் சுருக்கம்கூட அப்படியே தெரிந்தது. மனைவி ஒன்றின் முன் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கோயிலில் நிற்பது போல நின்றாள்.

"பாருங்க, வளையம்கூட இருக்கு."

"வளையத்தைப் பார்க்காதே, வெட்டைப் பாரு" என்றார் மூக்கர். குரலை வேண்டுமென்றே உயர்த்தினார். "முப்பது வருஷமா மரம் பார்க்கிறேன். விழுந்த மரம் எப்படி உடையும்? நீளவாக்கில பிளக்கும். சிராய் சிராயா நிக்கும். இது என்னடான்னா வாள் வெச்சு அறுத்த மாதிரி, துண்டு துண்டா, ஒரே அளவுல கெடக்குது. எந்த மரம் இப்படி விழும்? இது மில்லுல அறுத்து, சாயம் பூசி, கொண்டாந்து உருட்டி விட்டது!"

சொன்ன காரணம் கேட்க நன்றாக இருந்தது. அதுதான் வினை. தப்பான முடிவுக்குப் போகிறவனுக்கு எப்போதும் ஒரு நல்ல காரணம் கையில் இருக்கிறது.

சகலை போனைத் தன் முகத்துக்குத் திருப்பினார். "வணக்கம் உறவுகளே! இந்த நேரத்துல ஒரு மாபெரும் மோசடியோட நடுவுல நின்னு பேசிட்டிருக்கேன். எங்க சகலை சாதாரண ஆள் இல்லை. மர நிபுணர். மூணாவது தலைமுறை."

"ரெண்டாவது" என்றாள் மனைவி.

"மூணாவது" என்றார் சகலை போனைப் பார்த்து.

கூட்டம் சேர்ந்தது. வெயிலில் ஒன்றரை மணி நேரம் நடந்து, காலில் மணல் புகுந்து, 'இதுக்கா வந்தோம்' என்று உள்ளுக்குள் நொந்துகொண்டிருந்தவர்களுக்கு, தங்கள் சலிப்புக்கு ஒரு நியாயமான காரணம் கிடைத்துவிட்டது. தாங்கள் ஏமாளிகள் இல்லை, ஏமாற்றப்பட்டவர்கள்.

"நானும் நெனச்சேன். கலர் இவ்வளவு பளிச்சுன்னு எப்படி இருக்கும்?" என்றார் பள்ளி ஆசிரியர் ஒருவர்.

"எங்க மச்சான் பெயிண்ட் கடை வெச்சிருக்கான். இது எனாமல்" என்றார் தொப்பைக்காரர். மச்சான் பெயிண்ட் கடை வைத்தால் இவருக்கு எப்படிக் கண் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.

புதிதாகக் கல்யாணமான பெண் ஒருத்தி, "நான் தொட்டுப் பார்த்தேன், சில்லுன்னு இருந்துச்சு. மரம்னா சில்லுன்னா இருக்கும்?" என்றாள்.

"கல்லு சில்லுன்னுதானே இருக்கும்?" என்றான் புது மாப்பிள்ளை.

"நீங்க சும்மா இருங்க."

அவன் சும்மா இருந்தான். கற்றுக்கொள்ளவேண்டிய வயது.

அரை மணி நேரத்தில் அறுபது பேர் கூடிவிட்டார்கள். "டிக்கெட்டைத் திருப்பி வாங்கு!" என்று எங்கோ ஒரு குரல் கிளம்பியது. பிறகு எல்லாக் குரலும் அதையே சொன்னது. மூக்கர் நடுவில் நின்றார். வாழ்நாளில் அவர் பேச்சை இத்தனை பேர் கேட்டதில்லை. கடையில் எட்டுப் பேர், வீட்டில் யாருமில்லை. அவ்வளவுதான் அவர் இதுவரை கண்ட சபை.

சேதி போய், தொப்பி போட்ட அந்த அதிகாரியே வந்தாள். மூச்சு வாங்கியது.

"யாருங்க இங்க போலின்னு சொன்னது?"

"நான்தான். வாசல்ல கெடக்கிறது சிமெண்ட்டா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

அவள் ஒரு விநாடிகூடத் தயங்கவில்லை. "ஆமாங்க, சிமெண்ட்தான்."

"ஒத்துக்கிட்டாங்க!" என்று சகலை துள்ளினார். அறுபது பேரும் ஆர்ப்பரித்தார்கள். உண்மையைச் சொல்கிறவர்களுக்கு நம்மிடையே கிடைக்கிற முதல் மரியாதை இதுதான்.

சத்தம் அடங்கும்வரை அவள் காத்திருந்தாள். "முழுசாக் கேளுங்க. அந்த இடத்துல ஒரு அசல் மரம் இருந்துச்சுங்க. வாசல்கிட்ட இருந்ததால போறவங்க வர்றவங்க எல்லாம் ஆளுக்கு ஒரு சில்லு. பெயர்த்துப் பெயர்த்து இருபது வருஷத்துல மரமே காலி. சாஞ்சு படம் எடுக்க ஒண்ணுமில்லைன்னு புகார் மேல புகார். அதனால சிமெண்ட்ல ஒண்ணு செஞ்சு வெச்சோம். 'இது அசல் அல்ல, மாதிரி மரம்'னு பலகையும் வெச்சோம்."

"பலகை எங்க?"

"அதையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க."

கூட்டத்தில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். மற்றவர்கள் முறைத்ததும் நிறுத்திக்கொண்டார்.

"கதை நல்லா இருக்கு. ஆனா உள்ளே கெடக்கிறதும் அறுத்த மரம்தான். என் தொழில் எனக்குத் தெரியாதா?" என்றார் மூக்கர்.

"உங்க தொழில் என்னங்க?"

"மரம்."

அந்தப் பதிலைக் கேட்டதும் அதிகாரியின் முகத்தில் கோபம் குறைந்து வேறு ஏதோ வந்தது. "அப்ப நல்லதாப் போச்சு. வாங்க, உள்ளே ஒரு துண்டு வெச்சிருக்கேன். நீங்களே பார்த்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா நான் கேட்டுக்கிறேன்."

"போகாதீங்கண்ணே, உள்ளே கூட்டிட்டுப் போயி மூளைச்சலவை பண்ணிருவாங்க" என்றார் சகலை. ஆனால் 'நீங்களே பார்த்துச் சொல்லுங்க' என்ற வார்த்தைக்கு மூக்கர் மயங்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். மனைவியும் கூடப் போனாள்.

அது தகரக் கூரை போட்ட சின்ன அறை. மேசை, ஓயாமல் தலையாட்டும் மின்விசிறி, ஒரு பானைத் தண்ணீர். அதிகாரி இழுப்பறையிலிருந்து தேங்காய் அளவுள்ள ஒரு துண்டை எடுத்து வைத்தாள்.

"இது பார்க்கிறவங்களுக்குன்னு வெச்சிருக்கிறது. உங்க சாவியால கீறுங்க. எவ்வளவு வேணும்னாலும் கீறுங்க."

கீறினார். கோடு விழுந்தது. விரலால் துடைத்தார். கோடு போய்விட்டது, விரலில் இரும்புக் கறை. கீறல் கல்லில் விழவில்லை, சாவிதான் தேய்ந்திருந்தது.

பிறகு அவள் கண்ணாடி மாதிரி மெல்லியதாக அறுத்து மெருகு போட்ட ஒரு வில்லையையும், பூதக்கண்ணாடியையும் நீட்டினாள். ஜன்னல் பக்கம் திரும்பி, வெளிச்சத்தில் பிடித்து, மூக்கர் பார்த்தார்.

மின்விசிறி மூன்று தடவை திரும்பிவிட்டது.

"துவாரம் இல்லை" என்றார் கடைசியில். தனக்குள் பேசுகிற குரல். "தேக்கு மாதிரி துவாரம் இல்லை. நெருக்கமா, வரிசை வரிசையா... இது பைன் ஜாதி. இந்த வளையம் மெலிசா இருக்கு, அந்த வருஷம் மழை இல்லை. இங்க பாரு, இங்க கிளை விட்டிருக்கு, கணு." விரல் ஓரிடத்தில் நின்றது. "பூச்சி அரிச்சிருக்கு."

"ஆமாங்க. அது வண்டு துளைச்ச பாதை" என்றாள் அதிகாரி.

"இந்தக் கட்டை என் கடைக்கு வந்திருந்தா திருப்பி அனுப்பியிருப்பேன்."

"நல்லவேளை, அப்ப உங்க கடை இல்லை. இருபது கோடி வருஷம் ஆச்சு."

மூக்கர் வில்லையை மேசையில் வைத்தார். சாதாரணமாக வைக்கவில்லை. தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் போடுவது போல வைத்தார். பிறகு, விட்டுக்கொடுக்க மனமில்லாமல், "வெட்டு?" என்று கேட்டார்.

"மரமா இருந்தா நீங்க சொன்ன மாதிரிதான் பிளக்கும். இது கல்லான பிறகு உடைஞ்சது. எழுதுற சாக்பீஸ் கீழே விழுந்தா எப்படி உடையும்?"

சாக்பீஸ் நேராகத்தான் உடையும். கடையில் கட்டையில் எண் போட தினமும் ஒரு பெட்டி சாக்பீஸ் செலவழிக்கிறவர் அவர். ஒரு தடவையாவது இது தோன்றியிருக்கக் கூடாதா?

"நான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றார்.

மனைவி திரும்பி அவரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அதிகாரி அவளிடம், "அம்மா, தண்ணி வேணுமா?" என்று கேட்குமளவுக்குப் பார்த்தாள்.

வெளியே வந்து, ஒரு மேட்டில் ஏறி நின்று, மூக்கர் கையை உயர்த்தினார். அந்த விஷயத்தில் அவரைப் பாராட்டத்தான் வேண்டும். பின்வாசல் வழியாகக் காருக்குப் போயிருக்கலாம், போகவில்லை.

"எல்லாரும் கேளுங்க. வாசல்ல இருக்கிறது மட்டும்தான் சிமெண்ட். மத்ததெல்லாம் அசல். நான் கண்ணாடி வெச்சுப் பார்த்துட்டேன். நான் சொன்னது தப்பு. மன்னிச்சுக்குங்க."

கூட்டம் அமைதியானது. அந்த அமைதியைப் பார்த்து, நம்பிவிட்டார்கள் என்று மூக்கர் நினைத்தார்.

"உள்ளே எவ்வளவு குடுத்தாங்க?" என்றார் தொப்பைக்காரர்.

"என்னது?"

"பத்து நிமிஷத்துல போலி அசலாயிருச்சே, அதான் கேட்டேன்."

"அய்யா, என் கண்ணால பார்த்தேன். உள்ளே பூச்சி அரிச்ச பாதைகூட இருக்கு. சாவியால கீறினா சாவிதான் தேயுது, சாயம் பூசின மரத்துல அப்படி ஆகுமா?"

"பாவம், மிரட்டியிருக்காங்க. முகத்தைப் பாருங்க, வெளிறிக் கெடக்கு" என்றாள் புதுப்பெண். வெயிலில் காய்ந்த முகம் அது.

"நானே வந்து தொட்டுக் காட்டுறேன்..."

"நீங்க ஒண்ணும் சொல்லவேண்டாம் சார், எங்களுக்குப் புரியுது" என்று ஆசிரியர் அவர் தோளைத் தட்டினார். மாணவன் தப்பு செய்தால்கூட அவர் இவ்வளவு பரிவோடு தட்டியிருக்கமாட்டார்.

மூக்கர் சகலையைத் தேடினார். சொந்தக்காரன், அவனாவது எடுத்துச் சொல்வான் என்று ஒரு நப்பாசை. சகலை பத்தடி தள்ளி நின்று, போனிடம் தழுதழுத்துக்கொண்டிருந்தார்: "உறவுகளே, என் சொந்தச் சகலையையே மடக்கிட்டாங்க. எனக்கும் எந்த நேரத்துல என்ன ஆகும்னு தெரியாது."

மனைவிக்குப் பொறுக்கவில்லை. மேட்டில் ஏறினாள்.

"இந்த மனுஷன் தப்புன்னு ஒத்துக்கிட்டதை நான் இருபத்திரண்டு வருஷத்துல இன்னைக்குத்தான் பார்க்கிறேன். பொய் சொன்னப்ப எல்லாரும் கையைத் தட்டினீங்க. இப்ப உண்மையைச் சொன்னா விலை கேக்கறீங்களா?"

"அம்மாவுக்கும் குடுத்துட்டாங்கபோல" என்றது ஒரு குரல். சிரிப்பு கிளம்பியது.

அதற்குமேல் அங்கே செய்ய ஒன்றுமில்லை. வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது; எல்லோருக்கும் பசி. போலிக் காட்டைக் கண்டித்துக்கொண்டே அறுபது பேரும் வெளிவாசலுக்கு நடந்தார்கள்.

வெளிவாசலில் ஒரு மேசை, அதன் பக்கத்தில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு மரப்பெட்டி. இரண்டு காவலாளிகள் பைகளைத் திறந்து பார்த்தார்கள். அதிகாரி வரிசையைப் பார்த்து, பழகிய குரலில் சொன்னாள்: "தெரியாம யாராவது எடுத்திருந்தா இந்தப் பெட்டியில போட்டுடுங்க. பேர் கேக்கமாட்டோம்."

யாரும் அசையவில்லை. எல்லோரும் வானத்தையும் செருப்பையும் பார்த்தார்கள். முதல் காவலாளி தொப்பைக்காரரின் தோள்பையைத் திறந்தார். துண்டுக்குள் சுற்றி, ஊதா நிறத்தில், கை அகலச் சில்லு ஒன்று இருந்தது.

"இதென்னங்க?"

"அது... போலிதானே? போலியை எடுத்தா என்ன?"

"போலின்னா எதுக்குங்க துண்டுல சுத்தி வெச்சிருக்கீங்க?"

பெட்டிக்குள் 'டொக்' என்று சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு வரிசை தானாகவே ஒழுங்குக்கு வந்தது. ஆசிரியர் முன்னால் வந்து, சட்டைப் பையிலிருந்து ஒன்று, கால்சட்டைப் பையிலிருந்து இரண்டு என்று எடுத்துப் போட்டார். "பாடம் நடத்த" என்று யாரும் கேட்காமலே சொன்னார். புதுப்பெண் மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவன் தன் இரண்டு காலுறைகளையும் கழற்றி உதறினான். டொக், டொக், டொக். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

சகலையின் பையில் ஒன்றுமில்லை. நிமிர்ந்த தலையோடு கடந்துபோனார். ஆனால் கையிலிருந்த தண்ணீர் பாட்டில், நடக்க நடக்கக் கலகலவென்று சத்தம் போட்டது.

"அது என்ன பாட்டிலா, கிலுகிலுப்பையா?" என்றார் காவலாளி.

மூடியைத் திறந்து கவிழ்த்தார்கள். தண்ணீர் வரவில்லை. சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று கைநிறையச் சில்லுகள் கொட்டின.

"ஆதாரம்" என்றார் சகலை.

மூக்கருக்கு மறுபடி நெஞ்சு நிமிர்ந்தது. கால்சட்டைப் பைகள் இரண்டையும் வெளியே இழுத்துக் காட்டினார். கைக்குட்டையும் தேய்ந்த சாவியும் தவிர எதுவுமில்லை. "பாருங்க. நான் ஒரு துரும்பைத் தொடலை" என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி.

அவருக்குப் பின்னாலிருந்து 'டொக்' என்றது. திரும்பினார். மனைவி கைப்பையை மூடிக்கொண்டிருந்தாள். மறுபடி திறந்தாள். இன்னொரு டொக். இன்னொன்று.

"நீயுமா?"

"உங்க பேச்சை நம்பித்தாங்க மூணா எடுத்தேன். ரெண்டு போலியாப் போனாலும் ஒண்ணாவது அசலா இருக்கட்டுமேன்னு."

காரைக் கிளப்பினார்கள். சாப்பிடக் கொண்டுவந்திருந்த அவித்த முட்டையும் ரொட்டியும் வழி நெடுக டிக்கியிலேயே கிடந்தன. சகலை மட்டும் பின் சீட்டில் உட்கார்ந்து விரலால் எதையோ தட்டிக்கொண்டே வந்தார்.

அவர் தட்டியது மறுநாள் தெரிந்தது. 'கல்மரமா, சிமெண்ட் மரமா? நிபுணர் அதிரடி!' என்ற முதல் வீடியோ ஓடியது. 'நிபுணர் வாய் அடைக்கப்பட்டது எப்படி?' என்ற இரண்டாவது வீடியோ பறந்தது. நானூற்றுப் பதினோரு பேர் நாற்பதாயிரம் பேர் ஆனார்கள். செல்போன் உறைக் கடைக்குச் சகலை ஒரு ஆளை வேலைக்கு வைத்துவிட்டு, முழுநேர ஊடகமானார்.

மரக்கடையிலும் கூட்டம் வந்தது. வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள் பாதி. உண்மையில் மரம் வாங்க வந்தவர்கள் மீதி. வீடு கட்டிக்கொண்டிருந்த பல் மருத்துவர் ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நீங்கதானே அது? உங்களை மாதிரி ஆள்கிட்டதான் சார் கதவு வாங்கணும்."

"சார், அது அசல் கல்மரம். நான் தப்பாச் சொல்லிட்டேன்."

"புரியுது சார். உங்க நிலைமையில நானா இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்" என்று கண்ணடித்துவிட்டு ஆறு கதவுக்கு ஆர்டர் கொடுத்தார்.

வருகிற எல்லோருக்கும் வாயால் சொல்லி ஓய்ந்து, ஒரு பலகையில் வெள்ளைப் பெயிண்டால் எழுதிக் கடை வாசலில் மாட்டினார்: 'பூங்காவில் இருப்பது அசல் கல்மரம். நான் சொன்னது தவறு.' மைத்துனி அன்று சாயங்காலம் போன் செய்தாள். "மாமா, உங்க பலகையை இவரு வீடியோ போட்டிருக்காரு. 'இன்னமும் தொடரும் மிரட்டல்'னு. நல்லா ஓடுது மாமா. இன்னொரு பலகை வெச்சா இன்னும் நல்லா ஓடுமாம், கேக்கச் சொன்னாரு."

மூக்கர் பலகையைக் கழற்றி, பெயிண்ட்டைச் சுரண்டி, அலமாரித் தட்டுக்கு அறுத்துவிட்டார்.

அதே வாரம் ஒரு காரியம் செய்தார். கண்ணாடிக் கடைக்குப் போய் ஒரு பூதக்கண்ணாடி வாங்கிவந்தார். லாரி வந்தால் கட்டையின் ஓரத்தைச் சீவி, தண்ணீர் தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு நாளில் முடிகிற வேலை மூன்று நாள் ஆனது. தேக்கு என்று இத்தனை நாள் அடுக்கியிருந்த வரிசையிலிருந்து சில கட்டைகள் சத்தமில்லாமல் வேறு வரிசைக்கு மாறின. வேலையாட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில், இடித்த வீட்டிலிருந்து வாங்கிய பழைய பலகை ஒன்றை வண்டியில் வைத்துக்கொண்டு ஒருவர் வந்தார். கதவுக்கு மேல் பதிக்கவேண்டுமாம். தேக்கு என்று சொல்லி விற்றார்களாம்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

மூக்கர் பலகையைப் புரட்டினார். கண்ணாடி வைத்துப் பார்த்தார். மேலெல்லாம் பழைய வார்னிஷ். ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை.

"எனக்குத் தெரியலைங்க. ஓரத்துல ஒரு துண்டு அறுத்துக் குடுத்துட்டுப் போங்க. ரெண்டு நாள்ல பார்த்துச் சொல்றேன்."

வந்தவர் முகம் சுருங்கியது. நாடி பிடிக்கும்போது புத்தகத்தைப் புரட்டும் வைத்தியரைப் பார்ப்பது போல அவரைப் பார்த்தார். பலகையை வண்டியில் ஏற்றிக்கொண்டு, தெருவைக் கடந்து, எதிர்க் கடைக்குப் போனார். எதிர்க் கடைக்காரர் எழுந்திருக்கவில்லை, வண்டிப் பக்கம் வரவுமில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, "தேக்குதான், சந்தேகமே வேண்டாம்!" என்று சொன்னது இங்கே வரை கேட்டது. அந்த மனிதரின் முகம் மலர்ந்ததும் இங்கிருந்தே தெரிந்தது.

கல்லாவில் உட்கார்ந்திருந்த மனைவி, "அது மாமரந்தானே?" என்றாள்.

"இருக்கலாம்" என்றார் மூக்கர்.